உயிர்வளி இல்லா இடத்தில் உயிர்ப்பு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் பயிற்றுவிக்கும் ஒருத்தியை விழா மேடைக்கு அழைத்தால், சங்கப் பாடலையோ காப்பியத்தின் ஒரு பகுதியையோ எடுத்துக்கொண்டு பேசுவாள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். அழைப்பிதழில் என் தலைப்பைக் கண்ட உறுப்பினர் இருவர், அச்சுப்பிழை ஏதும் நேர்ந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார்கள். பிழை இல்லை. காற்றுப் புகாத சேற்றில், துருவையும் மாங்கனீசையும் கொண்டு மூச்சுவிட்டு வாழும் நுண்ணுயிர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அறிவியல் எனக்குரிய துறையன்று. நம் உறுப்பினராகிய வேதியியல் பேராசிரியர் ஒருவர் பல மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு எனக்கு இதனை விளக்கினார். அவர்க்கு முதற்கண் என் நன்றி.

இந்தப் பொருளுக்கு நான் வந்து சேர்ந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். என் தந்தையார் உழவர். நுரையீரல் நோயினால் தம் இறுதி இரண்டு மாதங்களையும் வீட்டில் படுக்கையிலேயே கழித்தார். கட்டிலருகே உயிர்வளி உருளை நின்றது. இரவெல்லாம் அதன் குப்பியில் நீர் குமிழியிடும் ஓசையைக் கேட்டபடி நான் விழித்திருப்பேன். ஓர் இரவு அவர், "இந்தக் காத்து உள்ள போயி என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார். உயிர், உயிர்ப்பு, உயிர்த்தல் என்னும் சொற்களுக்கு இருபதாண்டுகளாக வகுப்பறையில் பொருள் கூறிவரும் எனக்கு விடை தெரியவில்லை. "உசுரக் காக்குதுப்பா" என்றேன். அவர் சிரித்தார். அது விடையாகாது என்பது இருவர்க்கும் தெரிந்தே இருந்தது.

அவர் மறைந்து சில மாதங்கள் கழித்து, அதே கேள்வியை வேதியியல் நண்பரிடம் கேட்டேன். அவர் கூறிய விடையை என் சொற்களில் தருகிறேன். நாம் உண்ணும் உணவிலிருந்து நம் உடலின் உயிரணுக்கள் எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கின்றன. எலக்ட்ரான் என்பது அணுவில் உள்ள, எதிர்மின்னூட்டம் கொண்ட மிகச் சிறிய துகள். அந்த எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக் கைமாறிச் செல்கின்றன. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் நீர் வழியிலுள்ள சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, அவ்வாறு இறங்கிச் செல்லும்போது வாழ்வுக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்கிறது. ஆனால் கடைமடையில் வடிகால் வேண்டும். வடிகால் அடைபட்டால் நீர் தேங்கும், சக்கரம் நின்றுவிடும். நாம் உள்ளிழுக்கும் உயிர்வளிதான் அந்த வடிகால். இறங்கிவந்த எலக்ட்ரான்களை அது கடைசியில் ஏற்றுக்கொண்டு, ஹைட்ரஜனோடு கூடி நீராகிவிடுகிறது.

ஆகவே மூச்சின் உட்பொருள் கொடுத்துவிடுதல் என்று அறிந்தேன். உணவிலிருந்து எடுத்ததைக் கடைசியில் ஏற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும். அப்படி ஏற்பவர் இல்லையேல் எவ்வளவு உண்டும் பயனில்லை. கடைமடை, வடிகால் என்று சொல்லியிருந்தால் என் தந்தையார் அந்த இரவே விளங்கிக்கொண்டிருப்பார். அதைச் சொல்ல எனக்கு அன்று தெரியாமற் போயிற்று.

இவ்வாறு புரிந்துகொண்ட பின் அடுத்த கேள்வி இயல்பாக எழுந்தது. எலக்ட்ரானை ஏற்கும் ஒன்றுதான் வேண்டுமெனில், அது உயிர்வளியாகத்தான் இருக்க வேண்டுமா?

இங்கே சொற்களைப் பற்றிச் சிறிது பேச எனக்கு உரிமை தருவீர்கள். 'உயிர்த்தல்' என்னும் வினைக்கு மூச்சுவிடுதல் என்பது பழம்பொருள். அகப்பாடல்களில் பிரிவாற்றாத தலைவியின் பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்கிறோம். மூச்சும் உயிரும் தமிழில் ஒரே வேரில் நிற்பன. ஆதலால் பின்னாளில் வேதியியலைத் தமிழில் எழுத வந்தவர்கள் ஆக்சிஜனுக்கு 'உயிர்வளி' என்று பெயரிட்டனர். வடசொல் வழக்கில் அது 'பிராணவாயு' ஆயிற்று. இரண்டும் அழகிய பெயர்கள். ஆயினும் அந்தக் காற்று இல்லையேல் உயிரில்லை என்னும் முடிவொன்றை இவை நம் மனத்தில் ஊன்றிவிடுகின்றன. ஐரோப்பியப் பெயரும் குறையற்றதன்று. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலார் லவாசியே, அமிலங்கள் எல்லாவற்றிலும் இந்த வளி உண்டு என்று கருதி, 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். அக்கருத்துப் பின்னர்ப் பிழையெனத் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெயர்களை நாம் மாற்ற வேண்டியதில்லை. பெயருக்குள் இருக்கும் பிழையை அறிந்து வழங்கினால் போதும்.

ஏனெனில் உயிர்வளி இல்லாத இடங்களில் உயிர் நிறைந்தே இருக்கிறது. ஏரியடிச் சேற்றை எண்ணிப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் ஆழம் வரையில்தான் பெரும்பாலும் உயிர்வளி எட்டும். அங்குள்ள நுண்ணுயிர்களே அதனைத் தீர்த்துவிடுகின்றன. அதற்குக் கீழே வாழ்வன நைட்ரேட்டைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. அதுவும் தீர்ந்த இடத்தில் மாங்கனீசு ஆக்சைடு, அதன்பின் இரும்பு ஆக்சைடு, அதன்பின் கந்தகம் கலந்த சல்பேட், கடைசியில் கரியமிலவாயு என்று வரிசை தொடர்கிறது. கீழே செல்லச் செல்ல ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. சேற்றைக் கிளறினால் எழும் அழுகிய முட்டை நாற்றம் சல்பேட்டை மூச்சாகக் கொண்டவை வெளியிடுவது. இந்த வரிசையில் இரும்பும் மாங்கனீசும் நிற்கும் இடமே நம் பொருள்.

பள்ளிப் பாடநூல்களில் காற்றில்லாச் சுவாசம் என்று படித்தபோது, இட்லி மாவு புளிப்பதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லித் தந்தார்கள். அது நொதித்தல்; அங்கே வெளியிலிருந்து ஏற்பவர் எவரும் இல்லை. நான் சொல்லும் உயிர்களிடம் மூச்சின் முழு அமைப்பும் இருக்கிறது. ஏற்பவர் மட்டுமே வேறு.

இதனைக் கண்டறிந்த வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா என்றோர் ஏரி உள்ளது. அதன் அடிப்படிவில் மாங்கனீசு மிகுதி. அங்கே மாங்கனீசு ஆக்சைடு, வெறும் வேதிவினையால் கரையக்கூடிய வேகத்தைவிட மிக விரைவாகக் கரைவதைக் கென்னத் நீல்சன் என்னும் ஆய்வாளர் கவனித்தார். இதனைச் செய்வது உயிராகத்தான் இருக்க வேண்டும் என்று தேடினார். அவரும் சார்லஸ் மையர்ஸும் அந்தச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1988இல் அறிவித்தனர். உயிர்வளி இருந்தால் அது உயிர்வளியைக் கொண்டு மூச்சுவிடும். இல்லையேல் மாங்கனீசு ஆக்சைடைக் கொண்டு மூச்சுவிட்டு வளரும். இன்று அதன் பெயர் ஷீவனெல்லா ஒனைடென்சிஸ். ஜேம்ஸ் ஷீவன் என்னும் மீன்வள நுண்ணுயிரியல் அறிஞரின் பெயரையும் அந்த ஏரியின் பெயரையும் அது தாங்கி நிற்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், வாஷிங்டன் நகரையொட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றின் சேற்றில் டெரிக் லவ்லி என்பவர் இரும்பை மூச்சாகக் கொண்ட இன்னொரு பாக்டீரியாவைக் கண்டார். பின்னாளில் அதற்கு ஜியோபாக்டர் என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1987இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக்கட்டுரை கூறும் காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. குப்பியில் பழுப்பு நிறத் துருவைப் போன்ற இரும்பு ஆக்சைடு இருந்தது. பாக்டீரியா வளர வளர அது கருநிறமாயிற்று. காந்தத்துக்கு அசையாதிருந்த பொருள், காந்தம் ஈர்க்கும் மாக்னடைட் என்னும் கனிமமாக மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத உயிர் விட்ட மூச்சு, கையில் எடுத்துப் பார்க்கத்தக்க கல்லாக எஞ்சியது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இவை இரும்பைத் தின்பதில்லை. இவற்றின் உணவு, மக்கிய இலைதழைகளிலிருந்து கிடைக்கும் அசெட்டேட் போன்ற எளிய பொருள்களே. அந்த உணவிலிருந்து பிரித்த எலக்ட்ரானைக் கொடுத்துவிடும் இடம்தான் இரும்பு. துருவில் உள்ள இரும்பு ஓர் எலக்ட்ரானை ஏற்றுக்கொண்டால், நீரில் கரையக்கூடிய வேறொரு நிலையை அடைகிறது. மண்ணின் செம்மை மறைந்து சாம்பல் நிறமும் நீலச்சாம்பல் நிறமும் தோன்றுவது இதனால்தான்.

ஆனால் இதில் ஒரு பெருஞ்சிக்கல் உண்டு. உயிர்வளி காற்றாகவும் நீரில் கரைந்தும் வருவது. உயிரணுவுக்குள் தானே நுழைந்துவிடும். துருவோ திண்மம். பாக்டீரியாவின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் 300 முதல் 500 வரை அடுக்கக்கூடிய அளவு. அதற்குத் துருவின் ஒரு துணுக்கே பெரும்பாறை. பாறையை மூக்குக்குள் இழுக்க இயலாது. எனவே இந்த உயிர்களின் மூச்சு உடலுக்கு வெளியே முடிகிறது. எலக்ட்ரானை உடலின் புறவெல்லை வரை கொண்டுவந்து பாறையின்மேல் வைத்துவிட வேண்டும்.

அதற்கு இவை கைக்கொள்ளும் வழிகளைக் கேளுங்கள். முதல்வழி தொடுதல். ஷீவனெல்லாவின் புறத்தோலை ஊடுருவி நிற்கும் புரதத் தொகுதி ஒன்றினுள் 20 ஹீம்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. 2020இல் வெளிவந்த ஆய்வு இதன் வடிவத்தைத் துல்லியமாகக் காட்டியது. ஹீம் என்பது நம் குருதிக்குச் செந்நிறம் தரும் அதே இரும்புக்கூறு. எலக்ட்ரான் உள்ளிருந்து ஹீம்களின் வழியே ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவி வெளியே வந்து, தொட்டுக்கொண்டிருக்கும் துருவில் இறங்குகிறது. இரும்பின் வழியாக இரும்புக்குச் செல்லும் பயணம் இது.

இரண்டாம்வழி தூது. பாறை சற்று எட்ட இருந்தால், ஷீவனெல்லா ஃபிளேவின் என்னும் சிறு மூலக்கூறுகளை வெளியே விடுகிறது. பி2 என்று நாம் அறிந்த ரிபோஃபிளேவினும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அது எலக்ட்ரானைப் பெற்றுக்கொண்டு போய்ப் பாறையிடம் சேர்த்துவிட்டு, மீண்டும் வந்து பெற்றுச் செல்கிறது. தூது இலக்கியம் பயின்ற நமக்கு இது புதிதன்று.

மூன்றாம்வழி நூல். ஜியோபாக்டர் தன் உடலிலிருந்து மின்சாரம் கடத்தும் மெல்லிய இழைகளை நீட்டுகிறது. 2005இல் இவ்விழைகள் மின்கடத்துவன என்று அறிவித்தபோது அறிவியல் உலகம் வியந்தது. அவை எதனால் ஆனவை என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. 2019இல் வந்த ஆய்வுகள், அத்தகைய இழையொன்று ஹீம் கொண்ட புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கப்பட்டு அமைந்ததைக் காட்டின.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது, முதற்படியில் தொடுவுணர்வாகிய உற்றறிவை வைக்கிறது. புல்லையும் மரத்தையும் அதற்கு உரியனவாகச் சொல்கிறது. தொல்காப்பியர் பாக்டீரியாவை அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வது அவருக்கும் பெருமையன்று, நமக்கும் பெருமையன்று. தொடுதலே அறிவின் தொடக்கம் என்று கருதியவர்களின் மொழியைப் பயிற்றுவிக்கும் எனக்கு, தொடுதலே மூச்சாக வாழும் உயிர் இருக்கிறது என்று கேட்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இத்தகைய மூச்சின் பழைமையும் எண்ணத்தக்கது. பூமியின் அகவை ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். காற்றில் உயிர்வளி குறிப்பிடத்தக்க அளவில் சேரத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். அதற்கு முன்பே நெடுங்காலம் உயிர்கள் வாழ்ந்தன. இரும்பைக் கொண்டு மூச்சுவிடுதல் மிகத் தொன்மையான உயிர்ப்பு முறைகளுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பசிபிக் கடலடி வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த ஓர் உயிர் 121 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் இரும்பு ஆக்சைடைக் கொண்டு வளர்ந்ததை 2003இல் லவ்லியின் குழுவினர் வெளியிட்டனர். மருத்துவக் கருவிகளிலுள்ள கிருமிகளைக் கொல்லப் பயன்படுத்தும் வெப்பநிலை அது.

இனி என் துறைக்கு அருகில் வருகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வு மருதத்திணையின் கருப்பொருள்களைப் பற்றியது. ஆம்பலும் தாமரையும் எருமையும் வாளைமீனும் நாரையும் என்று இயல் இயலாக எழுதினேன். அவை அனைத்தும் நிற்கும் சேற்றைப் பற்றி ஒரு பத்திகூட எழுதவில்லை. சேறு எனக்குப் பின்னணியாகவே இருந்தது. இன்று எழுதினால் அந்த ஆய்வேட்டில் ஓர் இயலைச் சேர்ப்பேன்.

நீர் கட்டிய நெல்வயலில் சில நாள்களிலேயே மண்ணிலுள்ள உயிர்வளி தீர்ந்துவிடுகிறது. அதன்பின் இரும்பை மூச்சாகக் கொண்டவை வேலையைத் தொடங்குகின்றன. துரு கரையும்போது அதனோடு ஒட்டிக் கிடந்த மணிச்சத்தும் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. நெல்லோ தன் தண்டின் உட்குழல்கள் வழியே உயிர்வளியை வேருக்கு அனுப்புகிறது. அதில் ஒரு பகுதி வேரிலிருந்து கசியும் இடத்தில், கரைந்திருந்த இரும்பு மீண்டும் துருவாகி வேரின்மேல் படிகிறது. வளர்ந்த பயிரைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தவர்கள், வேர் செம்பழுப்பாக இருப்பதைக் கண்டிருப்பார்கள். ஒரே பிடி சேற்றில் துருவைக் கரைக்கும் உயிரும், துருவைப் பூசிக்கொள்ளும் வேரும் அருகருகே வாழ்கின்றன.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பது உழவர் மொழி. நீரை நிறுத்திச் சில நாள் வயலைக் காயவிட்டு, மீண்டும் பாய்ச்ச வேண்டும். "வயலுக்கும் மூச்சு விடணும்மா" என்பார் என் தந்தையார். அதனைப் பேச்சுவழக்கின் உருவகம் என்றே நான் கொண்டிருந்தேன். அவர் நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறார்.

இதுவரை நான் கூறியவற்றைக் கேட்டு, இந்த உயிர்களை வாழ்த்திப் பாடலாம் என்று கவிஞர்கள் யாரேனும் எண்ணியிருந்தால், சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறேன். வங்காளத்தில் நேர்ந்ததையும் கேட்க வேண்டும்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த வண்டலால் ஆனது வங்காளக் கழிமுகம். அந்த வண்டலின் இரும்பு ஆக்சைடுத் துகள்களில் ஆர்சனிக் என்னும் நஞ்சு ஒட்டியிருந்தது. துருவோடு பிணைந்து கிடந்தவரை அதனால் தீங்கில்லை. ஆனால் வண்டலோடு புதைந்த தாவரப் பொருள்களை உண்டு, காற்றில்லாத ஆழத்தில், நுண்ணுயிர்கள் இரும்பைக் கொண்டு மூச்சுவிட்டன. துரு கரைந்தது, பிணைப்பு நீங்கிய ஆர்சனிக் நிலத்தடி நீரில் கலந்தது. இதனை யாரும் அறியவில்லை.

குளத்துநீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிவதைத் தடுக்க, 1970களிலிருந்து வங்கதேசத்தில் குழாய்க்கிணறுகள் பெருமளவில் இறக்கப்பட்டன. யுனிசெஃப் நிறுவனமும் அதற்குத் துணைநின்றது. நல்ல நோக்கம், கிருமியற்ற, தெளிந்த நீர். அந்தத் தெளிந்த நீரில்தான் நிறமும் மணமும் சுவையும் இல்லாத ஆர்சனிக் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, மேற்கு வங்கச் சிற்றூர்களிலிருந்து வந்த நோயாளிகளின் தோலில் புள்ளிகளையும் உள்ளங்கைத் தடிப்பையும் கண்டு, காரணம் கிணற்றுநீர் என்று கண்டறிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி ஆண்டுக்கணக்காக ஊர் ஊராகச் சென்று நீரை ஆய்ந்து உலகுக்கு அறிவித்தார். வங்கதேசத்தில் 3.5 கோடி முதல் 7.7 கோடி மக்கள் வரை ஆபத்தில் இருப்பதாக 2000இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த கட்டுரை மதிப்பிட்டது. ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்பது அந்நிறுவனத்தின் வழிகாட்டுதல். பிறகு ஊர்களில் கைக்குழாய்களைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள்.

வங்காளப் படிவுகளை ஆய்வகத்தில் வைத்து, உலோகத்தை மூச்சாகக் கொண்ட நுண்ணுயிர்களுக்கு இந்நிகழ்வில் பங்குண்டு என்று காட்டிய ஆய்வு 2004இல் வெளிவந்தது. வயலில் மணிச்சத்தை விடுவித்த அதே மூச்சு, ஆழத்தில் நஞ்சை விடுவித்திருக்கிறது. நுண்ணுயிர் மாறவில்லை, துருவோடு ஒட்டியிருந்த பொருள்தான் வேறு. அந்த நீரைப் பாய்ச்சி விளைவித்த நெல்லிலும் ஆர்சனிக் ஏறுகிறது. அங்கேயும் ஒரு மருந்தாக ஆய்வாளர்கள் பரிந்துரைப்பது, வயலை நனைத்தும் உலர்த்தியும் மாற்றி மாற்றி நீர் விடுவதைத்தான். மண்ணில் உயிர்வளி புகுந்தால் இரும்பு மீண்டும் துருவாகி ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் உழவர் கூறியதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று அறிந்தபோது நான் சிறிது நேரம் பேச்சற்று இருந்தேன்.

இதே மூச்சை மனிதர் தம் பணிக்கும் அழைத்திருக்கின்றனர். நீரில் கரைந்த யுரேனியத்துக்கு இந்தப் பாக்டீரியாக்கள் எலக்ட்ரானைக் கொடுத்துக் கரையாததாக மாற்றும் என்று லவ்லி குழுவினர் 1991இல் காட்டினர். 2002இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ரைபிள் என்னும் ஊரிலிருந்த பழைய யுரேனிய ஆலை நிலத்தடியில், இவற்றுக்கு உணவாக அசெட்டேட்டைச் செலுத்திப் பார்த்தனர். சில வாரங்களில் நீரிலிருந்த யுரேனியம் குறைந்தது. பின்னர் சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடுவன மேலோங்கவே, அளவு மீண்டும் உயர்ந்தது. துருவுக்குப் பதில் கரித்தண்டை வைத்தால் அதன்மீதும் இவை எலக்ட்ரானை இறக்கும். கம்பி பொருத்தினால் அது மின்சாரம். பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் அவ்வாறு கிடைத்த சில பத்து மில்லிவாட் மின்சாரத்தைக் கொண்டு, வானிலைக் கருவிகள் தாங்கிய மிதவை ஒன்றை இயக்கியதாக 2008இல் அறிவித்தனர். மின்விளக்கு எரிக்கவும் போதாத அளவுதான். ஆயினும் லவ்லி முதன்முதலில் சேறெடுத்த ஆற்றிலேயே அது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கவிஞர் பெருமக்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைத்து என் உரையை முடிக்கிறேன்.

முதலாவது, துருவைப் பற்றியது. இந்தப் பத்தாண்டுகளில் இவ்வரங்கில் வாசிக்கப்பட்ட கவிதைகளில், 'துருவேறிய' என்னும் அடையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். துருவேறிய நினைவு, துருவேறிய பூட்டு, துருவேறிய நாவு. பயனற்றுப் போனதற்கும் இறந்துபோனதற்கும் துருவை அடையாளமாக்கினோம். அந்த வழக்கை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே துரு வேறோர் உயிருக்கு மூச்சின் கடைமடை என்று அறிந்த ஒருவர், அச்சொல்லை இனி எழுதும்போது ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கம் கவிதைக்கு நன்மையே செய்யும்.

இரண்டாவது, சேற்றையும் நுண்ணுயிரையும் வியந்து எழுதும்போது வங்காளத்துச் சிவப்புக் கைக்குழாயை மறவாதீர்கள். இயற்கை தாயாகவும் தெய்வமாகவும் நம் கவிதையில் நெடுநாள் இருந்துவிட்டது. ஓர் உயிர் தனக்குரிய மூச்சை விடுகிறது. அதன் விளைவு ஓரிடத்தில் நெல்மணியாகவும் ஓரிடத்தில் ஒரு குடும்பத்தின் உள்ளங்கைப் புண்ணாகவும் வந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே பாட்டில் சொல்ல வல்ல கவிஞர் நம் வட்டத்திலிருந்து வரவேண்டும் என்பது என் விருப்பம்.

தந்தையாரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவரிடம் சொல்ல இயலாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். கடைசியில் எதையும் ஏற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று முன்னர்ச் சொன்னேன். இத்தனை நேரம் பொறுமையோடு நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்.